நீரின் மேல் ஓர் இறையில்லம்

மொராக்கோ நாட்டின் காசாபிளாங்கா நகரில், அட்லாண்டிக் பெருங்கடலின் விளிம்பில் எழுந்து நிற்பது இரண்டாம் ஹஸன் பள்ளிவாசல். 1986ஆம் ஆண்டு தொடங்கிய கட்டுமானம் 1993 ஆகஸ்டில் நிறைவெய்தித் திறப்பு விழாக் கண்டது. இதனை வடிவமைத்தவர் மிஷேல் பான்சோ என்னும் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்.

இறைவனின் அர்ஷ் நீரின் மீதிருந்தமையைத் திருமறையின் ஹூது அத்தியாயம், 7ஆம் வசனம் கூறுகின்றது. அதனைக் கருவாகக் கொண்டே மன்னர் இரண்டாம் ஹஸன் கடலோரத்தைத் தேர்ந்தார். ஆதலின் கட்டடத்தின் ஒரு பகுதி, கடலைத் தூர்த்துப் பெற்ற இடத்தின்மேல் அமைந்தது. செலவில் பெரும்பங்கு பொதுமக்களின் நன்கொடை. கொடுத்தோர்க்குச் சான்றிதழ் வழங்கினர். ஏழை எளியோரிடமும் திரட்டியதைக் குறை கூறியோரும் அன்றே இருந்தனர்.

பெருங்கும்மட்டமும் உருண்டு நீண்ட மினாராவும் இருந்தால்தான் பள்ளிவாசல் என எண்ணுவோர் நம்மிடையே பலர். மொராக்கோ மரபில் மினாரா சதுர வடிவினது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மராகேஷ் நகரத்துக் குதுபிய்யாப் பள்ளிவாசலில் காணும் அவ்வடிவையே இங்கு ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்திற்கு நீட்டினர். அதன் உச்சியிலிருந்து இரவில் பாயும் லேசர் ஒளிக்கதிர் மக்காவின் திசையைச் சுட்டும்.

உள்ளே 25,000 பேர் தொழலாம். மெருகேற்றிய சுட்ட ஓடுகளைச் சிறு துண்டுகளாகக் கொத்தி, கோலம்போல் இணைக்கும் ஸெல்லீஜ் வேலையும், அட்லஸ் மலைத் தேவதாருவில் செதுக்கிய விதானமும் ஆயிரக்கணக்கான கைவினைஞரின் உழைப்பு. தொழுகைக் கூடத்தின் கூரை நடுவே பிளந்து, இருபுறமும் நகர்ந்து வானைக் காட்டும். இதனை வெறும் பொறியியல் விந்தையாகக் கருதுதல் பொருந்தாது. பழைய பள்ளிவாசல்களின் திறந்த முற்றத்தைக் கூடத்திற்குள்ளேயே கொணர்ந்த உத்தி இது என்பேன்.

ஆயினும் கடல் தன் இயல்பை விடவில்லை. கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் துருவினின்று காக்கும். அலைநீரின் உப்பிலுள்ள குளோரைடு ஊடுருவினால் அக்காப்பு அழியும். துருவோ இரும்பைக் காட்டிலும் கூடுதல் இடங்கொள்வது. எனவே கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கும். அலைமோதும் பகுதிகளில் பத்தே ஆண்டுகளில் இவ்விரிசல்கள் தோன்றின. பழுதுற்ற கான்கிரீட்டை அகற்றி, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியிட்டு, நீர் எளிதில் புகாத அடர்ந்த கான்கிரீட்டால் மீளக் கட்டும் பணி 2005இல் தொடங்கியது.