டிராக்டரில் இரவு வேலை விளக்குகள் பொருத்தும் முறை

மேட்டூர் அணை ஜூன் 12ஆம் தேதியை ஒட்டித் திறக்கப்படும் வருஷங்களில், காவேரி டெல்டாவில் குறுவைக்கான சேற்றுழவு எல்லாக் கிராமங்களிலும் ஏககாலத்தில் மும்முரமாக நடைபெறுவது வழக்கம். வாய்க்காலில் முறைத் தண்ணீர் வரும் வேளை பகலாயினும் இரவாயினும் வயலை உழுதாக வேண்டியிருப்பதாலும், வாடகை டிராக்டர் கிடைக்கும் நேரமே உழவுக்கு நேரமாகி விடுவதாலும், இரவு உழவு இப்போது அபூர்வமன்று. டிராக்டரின் முன்விளக்குகள் வழியைக் காட்டுவதற்கென அமைந்தவை; பின்னால் சுழலும் ரோட்டவேட்டரையோ, அதனருகில் மண்வெட்டியுடன் வரப்பைச் சரிசெய்யும் ஆளையோ அவை காட்டுவதில்லை. ஆகையால் மட்கார்டின் மேலும் கூரைச் சட்டத்திலும் தனி விளக்குகளைப் பொருத்திக்கொள்வது மிகவும் உசிதமே. ஆனால் அவ்விளக்குகளுக்கு மின்சாரம் எங்கிருந்து, எவ்வழியாக, எவ்வளவு வருகின்றது என்பதைக் கணக்கிடாமல் பொருத்துவதனால், விடியற்காலையில் எஞ்சின் கிளம்பாமையும், கம்பி தீய்ந்து போதலும், சில சமயம் வண்டியே பற்றிக்கொள்ளுதலும் நேரிடுகின்றன.

மின்சாரத்திற்கும் வரவு செலவு உண்டு. ஆல்டர்னேட்டர் வரவு, விளக்குகள் செலவு, பாட்டரி கையிருப்பு. சிறு டிராக்டர்கள் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் அளவு ஏறக்குறைய 35 ஆம்பியர். வாட் அளவை வோல்ட் அளவால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 55 வாட் ஹாலஜன் விளக்கு ஒன்று 12 வோல்ட்டில் ஏறக்குறைய 4.6 ஆம்பியர் இழுக்கும். அத்தகைய விளக்குகள் நான்கு பொருத்தினால் 18 ஆம்பியர். வண்டியின் சொந்த முன்விளக்குகள் இரண்டிற்கு 9 ஆம்பியர். பின்விளக்கு முதலிய சில்லறைகளுக்கு 2 ஆம்பியர். ஆக மொத்தம் 29 ஆம்பியர். வரவு 35 இருக்கச் செலவு 29தானே என்று திருப்தி அடைவதற்கில்லை. அந்த 35 என்பது எஞ்சின் நல்ல வேகத்தில் ஓடும்போது கிடைக்கும் அளவேயன்றி, மந்த ஓட்டத்தில் கிடைப்பதன்று. வரப்போரத்தில் எஞ்சினை மந்தமாக ஓடவிட்டுப் பேசிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் செலவு பாட்டரியின் தலையிலேயே விழும். கடும் உஷ்ணத்திலும் வரவு குறையும். எனவே மொத்தச் செலவு ஆல்டர்னேட்டர் அளவில் முக்கால் பங்குக்கு, அதாவது 26 ஆம்பியருக்கு, மேற்படாமல் வைத்துக்கொள்வது நலம்.

எஞ்சினை நிறுத்திவிட்டு விளக்குகளை மட்டும் எரியவிடுவது இன்னும் கெடுதல். 75 ஆம்பியர்-மணி பாட்டரியில் மேற்படி நான்கு விளக்குகளும் இரண்டு மணி நேரம் எரிந்தால் கையிருப்பில் சுமார் பாதி தீர்ந்துபோம். பாட்டரி பழையதாயின் அதற்குமேல் ஸ்டார்ட்டர் சுழலும் என்பது நிச்சயமில்லை. 18 வாட் எல்.ஈ.டி. விளக்கோ ஒன்றரை ஆம்பியரே இழுக்கும்; நான்கும் சேர்ந்து 6 ஆம்பியர். விலையில் சற்று வித்தியாசம் இருப்பினும் சிறு டிராக்டருக்கு இதுவே தகுந்தது.

அடுத்தது கம்பி. மெல்லிய கம்பியில் மின்சாரத்தின் ஒரு பகுதி விளக்கைச் சேராமல் வழியிலேயே உஷ்ணமாகி வீணாகின்றது. கரை கசியும் வாய்க்காலில் கடைமடைக்குத் தண்ணீர் குறைவது போன்றதே இது. இரண்டு ஹாலஜன் விளக்குகளுக்குப் போக வர மொத்தம் 8 மீட்டர் கம்பி தேவை என்று வைத்துக்கொள்வோம். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியானால் வழியில் ஏறக்குறைய 1.3 வோல்ட் குறையும், 2.5 சதுர மில்லிமீட்டரானால் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல். 4 சதுர மில்லிமீட்டரானால் மூன்றில் ஒரு வோல்ட். 1.3 வோல்ட் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் இழை விளக்கின் ஒளி வோல்ட் குறைவதைக் காட்டிலும் பன்மடங்கு வேகமாகக் குறையும் தன்மையுடையதாகையால், அவ்வளவில் வெளிச்சத்தில் நாலில் ஒரு பங்குக்குமேல் போய்விடும். விளக்கு மங்கலென்று மேலும் ஒரு விளக்கை அதே கம்பியில் சேர்ப்போர், கம்பியை இன்னும் சுடச்செய்கின்றனரேயன்றி வேறில்லை.

பியூஸ் விஷயத்தில் அசிரத்தை கூடவே கூடாது. பாட்டரியின் நேர்முனையிலிருந்து புறப்படும் கம்பி எங்கேனும் இரும்பில் உராய்ந்து தோல் உரியுமாயின், பாட்டரி ஒரே கணத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியர்களைக் கொட்டிவிடும். கம்பி செக்கச்செவேலெனக் காய்ந்து, பக்கத்திலுள்ள எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டியிருக்கும் வைக்கோலும் பற்றும். பியூஸ் தனக்கு அப்பாலுள்ள கம்பியை மட்டுமே காக்குமாதலால், அதைப் பாட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் அமைக்க வேண்டும். விளக்கருகே வைப்பதில் பயனில்லை. இரண்டு ஹாலஜன் விளக்குகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியுடன் 15 ஆம்பியர் பியூஸ் போதும். பியூஸ் எரிந்தவிடத்தில் செம்பு இழையையோ வெள்ளிக் காகிதத்தையோ சுற்றி வேலையை முடிக்கும் வழக்கம் கிராமங்களில் இன்னும் ஒழிந்தபாடில்லை. அது களத்து வைக்கோற்போரின் பக்கத்தில் கொள்ளிக்கட்டையைச் செருகி வைப்பதற்கு ஒப்பாகும்.

முன்விளக்கு ஸ்விட்சிலிருந்தே கம்பியை இழுத்துப் புதிய விளக்குகளுக்குக் கொடுப்பதும் தவறு. அந்த ஸ்விட்சு அவ்வளவு பளுவுக்குச் செய்யப்பட்டதன்று. ரிலே என்னும் சிறு கருவியை இடையில் வைத்தால், சிறிய மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைத் திறக்கவும் மூடவும் ஆகும். அதன் அடியில் எண்கள் பொறித்திருக்கும். பாட்டரியிலிருந்து பியூஸ் வழியாக வரும் தடித்த கம்பி 30இலும், விளக்குக்குச் செல்வது 87இலும் சேரவேண்டும். சாவியிலிருந்து சிறு ஸ்விட்ச் வழியாக வரும் மெல்லிய கம்பி 86இலும், வண்டியின் இரும்புக்குப் போவது 85இலும் சேரவேண்டும். சாவியை எடுத்ததும் விளக்கு தானே அணைந்துவிடுமாகையால், மறதியால் பாட்டரி தீர்ந்துபோவதற்கு இடமில்லை.

திரும்பிவரும் கம்பியை இரும்பில் இணைக்குமிடத்தில் வர்ணத்தையும் துருவையும் சுரண்டிப் பளபளப்பாக்கி, போல்ட்டை இறுக்கி, மேலே வாஸலைன் தடவவேண்டும். மினுக்கி மினுக்கி எரியும் விளக்குகளில் பெரும்பாலானவற்றின் நோய் இங்கேதான் இருக்கும். இக்கால டிராக்டர்களில் பாட்டரியின் எதிர்முனை இரும்புடன் சேர்ந்திருக்கும். 1939இல் அமெரிக்காவில் வெளிவந்த போர்டு 9என் போன்ற பழைய வண்டிகளிலோ 6 வோல்ட் பாட்டரியும், நேர்முனை இரும்பில் சேரும் அமைப்பும் இருந்தன. அத்தகைய பழைய வண்டியை வைத்திருப்போர் இக்கால எல்.ஈ.டி. விளக்கை யோசியாமல் இணைக்கலாகாது.

கம்பிகளைப் புகைக்குழாயினின்றும், ஏறியிறங்கும் லிப்ட் கைகளினின்றும் விலக்கிக் கொண்டுசென்று, தகட்டுத் துளைகளில் ரப்பர் வளையமிட்டுச் செலுத்துக. விளக்குகளுள் ஒன்றையாவது ரோட்டவேட்டரின் மீதே விழும்படி பின்னோக்கித் தாழ்த்தி வைக்கவேண்டும். ஓட்டுபவர் கண்மட்டத்துக்கு அருகில் வைத்த விளக்கு, புழுதியிலும் பனியிலும் ஒளி திரும்பி அவர் கண்ணையே கூசச்செய்யும். ஹாலஜன் பல்பை வெறும் விரலால் தொடலாகாது. விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடத்தில் சூடேறிப் பல்பு வெடிக்கும்.

பொருத்தி முடிந்தபின் வோல்ட்மீட்டரால் சோதித்தல் வேண்டும். நிறைந்த பாட்டரி, எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ட் காட்டும். உழவு வேகத்தில் எஞ்சினை ஓட்டி எல்லா விளக்குகளையும் ஏற்றிய நிலையில் 13.5க்குக் குறையாதிருப்பின் வரவு போதுமானது, 12.6க்குக் கீழிறங்கினால் பாட்டரி கரைந்துகொண்டிருக்கின்றது, விளக்கைக் குறைக்கவேண்டும். பாட்டரி முனையிலும் விளக்கு முனையிலும் காணும் வித்தியாசம் முக்கால் வோல்ட்டுக்கு மேற்பட்டால் கம்பியையும் இணைப்புகளையும் மறுபடி பார்க்கவேண்டும்.

வயலைவிட்டுச் சாலைக்கு ஏறுமுன் இவ்விளக்குகள் அனைத்தையும் அணைத்துவிட வேண்டும். பின்னோக்கிய வெள்ளை விளக்கைப் பின்னால் வருபவர் எதிரே வரும் வண்டியென்று மயங்கி விலகப்போய், பள்ளத்தில் இறங்கிவிடக்கூடும். சேறு படிந்த எல்.ஈ.டி. விளக்கின் முதுகிலுள்ள தகட்டு வரிகள் உஷ்ணத்தை வெளியேற்றமாட்டா. ஆகவே ஒவ்வோர் இரவு வேலைக்குப் பின்னும் கண்ணாடியோடு முதுகுப்புறத்தையும் கழுவவேண்டும்.