ஓட்டோவை ஏற்றிச் செல்வோரின் நம்பிக்கைகள்

கொழும்பில் ஓட்டோ ஒன்று இன்னொரு வாகனத்தின் முதுகில் ஏறிப் போவது புதினமான காட்சி இல்லை. கொட்டாஞ்சேனையில் விலை பேசி முடித்த பழைய வண்டி வவுனியாவுக்குப் போகும். வெள்ளவத்தைக் கடற்கரையோர ஒழுங்கைகளில் உப்புக்காற்றில் துருப்பிடித்த வண்டி தகர வேலைக்குப் போகும். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் வெள்ளத்தில் நின்றதே, அப்படியான நேரங்களில் தண்ணீர் குடித்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பது முட்டாள்தனம். ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். ஏற்றுவதற்குப் பட்டா என்று சொல்லும் சின்ன லொறி, கன்டர் லொறி, சில வேளை காருக்குப் பின்னால் கொழுவிய ட்ரெயிலர். நாட்டில் பதிவான முச்சக்கர வண்டிகள் பத்து லட்சத்துக்கும் மேல் என்பதால், இவற்றை ஏற்றி இறக்கிப் பழகியவர்களுக்கும் குறைவில்லை. அவர்களிடம் நல்ல கைப்பழக்கம் இருக்கிறது. கூடவே சில பிடிவாதமான நம்பிக்கைகளும் இருக்கின்றன.

நம்பிக்கை: "மூண்டு சில்லு இருக்குத்தானே, தானா நிக்கும். ஹாண்ட்பிரேக்கை இழுத்து கியரில போட்டாக் காணும்."

ஹாண்ட்பிரேக் பிடிப்பது பின்சில்லு இரண்டையும்தான். கியரும் அதே இரண்டைத்தான் பிடிக்கிறது, அதுவும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் அமுக்கத்தை நம்பி. அந்த எஞ்சினுக்கும் சில்லுகளுக்கும் நடுவில் டிஃபரென்ஷியல் இருப்பதால், குழியில் ஒரு சில்லு துள்ளி எழும்பினால் மற்றது கியரை மதிக்காமல் உருளும். முன்சில்லை எதுவுமே பிடிக்கவில்லை.

சரி, சில்லு உருளவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். சறுக்குமே? லொறியில் ஏற்றும் சுமையை எவ்வளவு பலமாகக் கட்ட வேண்டும் என்பதற்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஏறத்தாழ ஒரே கணக்குத்தான்: முன்பக்கம் சுமையின் எடையில் 80 சதவீத விசையையும், பக்கவாட்டிலும் பின்பக்கமும் 50 சதவீத விசையையும் கட்டு தாங்க வேண்டும். ஓட்டோ 350 கிலோ என்றால், சாரதி பிரேக்கை உதைக்கும் கணத்தில் முன்னுக்கு 280 கிலோ இழுவை. மழையில் நனைந்த, எண்ணெய் சிந்திய தட்டில் நாலங்குல அகலமுள்ள மூன்று டயர்கள் அதைத் தாங்காது.

கவிழ்வதும் உண்டு. ஓட்டோவின் நிலைப்பு ஒரு முக்கோணம். வளைவில் திரும்பிக்கொண்டே பிரேக் அடித்தால் பாரம் முன்னுக்கும் பக்கத்துக்கும் சேர்ந்து, அதாவது முன்மூலையை நோக்கிப் போகிறது. காருக்கு அந்த மூலையில் ஒரு சில்லு இருக்கிறது. ஓட்டோவுக்கு அங்கே ஒன்றும் இல்லை.

நம்பிக்கை: "ஹாண்டிலை ரெண்டு பக்கமும் இழுத்துக் கட்டு."

இது மோட்டார் சைக்கிள் ஏற்றியவர்களிடமிருந்து வந்த பழக்கம். மோட்டார் சைக்கிளுக்குச் சரி. ஓட்டோவின் ஹாண்டிலுக்குள் கிளட்ச், கியர், எக்ஸிலேட்டர் கேபிள்கள் ஓடுகின்றன. அதைப் பிடித்து இழுத்தால் முதலில் அவை நசியும். அதைவிட முக்கியம், இந்த வண்டியின் பாரம் முன்னால் இல்லை. எஞ்சின், கியர்ப்பெட்டி, டிஃபரென்ஷியல் எல்லாம் பயணியின் முதுகுக்குப் பின்னால். முன்பக்கத்தை எவ்வளவு இறுக்கினாலும் பின்பக்கம் தன் பாட்டுக்கு ஆடும்.

கட்டவேண்டிய இடம் கீழே, சில்லுக்குப் பக்கத்தில். பின்னால் இரு பக்கமும் சில்லைத் தாங்கும் இரும்புக் கையைச் சுற்றி, வண்டியைப் பின்னுக்கு இழுக்கும்படி இரண்டு பட்டி. முன்னால் சில்லின் அச்சுக்குக் கிட்டத் தாழ்வாக, இரு மூலைகளுக்கும் இரண்டு. பட்டி பிரேக் குழாயிலும் சில்லுக்குப் போகும் சுழல்தண்டிலும் படக்கூடாது. ஏன் வண்டியின் பொடியில் கட்டாமல் சில்லோடு கட்டச் சொல்கிறேன் என்றால், பொடி ஸ்பிரிங்கின் மேல் இருக்கிறது. குழியில் இறங்கி ஸ்பிரிங் அமுங்கும் ஒவ்வொரு தடவையும் பொடியில் கட்டிய பட்டி தளரும். தளர்ந்த நொடியில் கொக்கி கழன்று விழும். சில்லோடு கட்டினால் பொடி விரும்பியபடி குதிக்கட்டும், கட்டு இறுக்கமாகவே இருக்கும். மூன்று சில்லுக்கும் முன்னும் பின்னும் கட்டை அடைத்து அந்தக் கட்டைகளைத் தட்டில் ஆணியடித்துவிட்டால் பட்டிக்குப் பாதி வேலை மிச்சம்.

கூரைக்கு மேலால் கயிறு போட்டு இறுக்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹூட்டின் அடியில் இருப்பது மெல்லிய குழாய்ச் சட்டம். அது வளையும், ரெக்சின் கிழியும், கயிறு தளரும். வண்டி கட்டாத வண்டிதான்.

ஹூட் என்றதும் காற்றையும் சொல்லிவிடுகிறேன். சட்டப்படி ஓட்டோவுக்கு வேகம் மணிக்கு 40 கிலோமீற்றர். லொறி 60இல் போனால் காற்றின் அழுத்தம் இரண்டேகால் மடங்காகிறது. வேகத்தின் வர்க்கத்தோடு அது ஏறும். ஆகவே கண்ணாடி முன்னே பார்க்கும்படி ஏற்றுவதே நல்லது. பின்பக்கத்தைக் காற்றுக்குக் காட்டி ஏற்றினால் அங்கே இருப்பது தைத்த ரெக்சின்தான், புத்தளம் போய்ச் சேருமுன் தையல் விடும். பக்கத் திரைகளைக் கழற்றி மடித்து வையுங்கள்.

நம்பிக்கை: "பட்டாவில வடிவா வைக்கலாம்."

அகலம் போதும். ஓட்டோ 1.3 மீற்றர், பட்டாவின் தட்டு அதைவிடச் சற்று அகலம். நீளத்தில்தான் சிக்கல். தட்டு ஏறத்தாழ 2.2 மீற்றர், ஓட்டோ 2.6 மீற்றர். முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையிலான தூரமே 2 மீற்றர். முன்மட்காட்டைத் தட்டின் முன்பலகையில் முட்ட வைத்தாலும் பின்சில்லு தட்டின் விளிம்பில், பல வேளைகளில் திறந்து தொங்கும் பின்கதவின் மேல் நிற்கும். பாரத்தில் பெரும்பங்கு அந்தப் பின்சில்லுகளில் என்பதை மேலே பார்த்தோம். ஆகவே பின்கதவின் பிணைச்சலும் சங்கிலியும்தான் ஓட்டோவைச் சுமக்கின்றன. பட்டாவின் பின்னச்சுக்கு அப்பால் இவ்வளவு பாரம் தொங்கினால் முன்சில்லுகளில் பிடிமானம் குறைந்து ஸ்டியரிங் இலேசாகும். கொட்டாஞ்சேனையிலிருந்து கிராண்ட்பாஸ் கராஜுக்கு ஊர்ந்து போகலாம் என்பார்கள். அதற்கும் நான் சம்மதிக்க மாட்டேன். யாழ்ப்பாணம் என்றால் பேச்சே இல்லை, 10 அடித் தட்டுள்ள லொறியைப் பேசுங்கள்.

நம்பிக்கை: "ட்ரெயிலரில சரி நடுவில வை, பாரம் சமனாகும்."

இந்தப் பட்டியலில் மிக ஆபத்தானது இதுதான், ஏனென்றால் கேட்க நியாயமாக இருக்கிறது. ஓட்டோவின் பாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு பின்சில்லுகளில் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அதன் பாரமையம் பின்னச்சுக்கு 65, 70 சென்ரிமீற்றர் முன்னால் விழுகிறது. பயணி கால் வைக்கும் தரை அது. வண்டியின் நீளத்தில் பாதியை அளந்து ட்ரெயிலர் அச்சுக்கு நேரே வைத்தீர்களானால் பாரமையம் அச்சுக்கு ஓரடி பின்னால் போய்விடும். 350 கிலோ ஓட்டோ, அச்சிலிருந்து கொழுவி வரை 2.5 மீற்றர் என்றால், காரின் பின்பக்கத்தை அந்த ட்ரெயிலர் 40 கிலோவுக்கு மேல் மேலே தூக்கிக்கொண்டிருக்கும்.

அப்படித் தூக்கும் ட்ரெயிலர் மெதுவாகப் போகும்வரை சாதுவாக வரும். வேகம் ஏறியதும், எதிரே ஒரு பஸ் காற்றைக் கிழித்துக்கொண்டு போனதும், வால் இடமும் வலமும் வீசத் தொடங்கும். ஒவ்வொரு வீச்சும் முன்னதைவிடப் பெரிது. அந்த நேரம் பயத்தில் பிரேக்கை அமுக்கினால் காரும் சேர்ந்து சுழலும். எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாக விழ விடுவதுதான் வழி. அந்த நிலை வராமலிருக்க, மொத்தப் பாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொழுவியின் மேல் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். பயணி கால் வைக்கும் தரை ட்ரெயிலரின் அச்சுக்குச் சற்று முன்னால் வரும்படி ஓட்டோவை நிறுத்துங்கள். காரில் கொழுவும் முன்பே ட்ரெயிலரின் முன்முனையைக் கையால் தூக்கிப் பாருங்கள். இலேசாக மேலே வந்தால் இன்னும் முன்னுக்குத் தள்ளுங்கள்.

ஏற்றும்போது நடக்கும் கூத்து வேறு. இரண்டு பலகை போட்டு ஏற்றப் பார்ப்பார்கள். முன்சில்லு நடுவில் வெறும் வெளியில் தொங்கும். ஓட்டோவுக்கு மூன்று தடம் வேண்டும். பலகை கிடைக்காவிட்டால் "நாலு பேர் பிடிச்சாத் தூக்கலாம்" என்பது அடுத்த யோசனை. தூக்கலாம்தான், ஆனால் மேலே சொன்ன கணக்கில் பின்னால் நிற்கும் இருவருக்கும் தலைக்கு 100 கிலோவுக்கு மேல். இடுப்புப் பிடிப்பது அப்போதுதான். 60 சென்ரிமீற்றர் உயரத் தட்டுக்கு 2.4 மீற்றர் பலகைகளைச் சாய்த்தால் சரிவில் தள்ளத் தேவைப்படுவது எடையின் காற்பங்கு. இருவர் தள்ள, ஒருவர் ஹாண்டிலைப் பிடிக்க, இன்னொருவர் பின்சில்லுக்குக் கட்டை வைத்துக்கொண்டே வந்தால் போதும். எஞ்சினைப் போட்டு ஏற்றுவது வேண்டாம். ஓடும் பின்சில்லு, சங்கிலி போட்டுத் தட்டோடு பிணைக்காத பலகையைப் பின்னால் நிற்பவரின் காலுக்கு எற்றிவிடும்.

கயிறா பட்டியா என்ற தர்க்கத்தில் நான் பட்டிக் கட்சி. புறக்கோட்டை லொறிக்காரரின் முடிச்சில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நைலோன் கயிறு இழுபடும், நனைந்தால் பலம் குறையும், முடிச்சு விழுந்த இடத்தில் அதன் பலத்தில் பாதி வரை போய்விடும். பொலியெஸ்டர் ரட்செட் பட்டி அப்படி நீளாது. வாங்கும்போது லேபிளில் இரண்டு எண் இருந்தால் சின்னதைப் பாருங்கள். பெரியது அறும் சுமை, சின்னதே கட்டலாம் என்ற சுமை, வழக்கமாக அதில் மூன்றில் ஒன்று. கூரான இரும்பு விளிம்பில் பட்டி உரசினால் இடையில் பழைய டியூப் துண்டொன்றை வையுங்கள். பெற்றோல் டெப்பை மூடி பற்றறி வயரைக் கழற்றிவிடுங்கள்.

எப்படிக் கட்டினாலும் முதல் சில கிலோமீற்றரில் கட்டு கொஞ்சம் தளரத்தான் செய்யும். அமெரிக்கச் சட்டம் முதல் 50 மைலுக்குள் இறங்கிப் பார்க்கச் சொல்கிறது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் எங்களுக்கு அது சிலாபத்துக்குக் கிட்ட. அவ்வளவு காத்திருக்காமல் ஜா-எலயிலேயே ஒரு தேத்தண்ணிக்கு நிறுத்தி, நாலு பட்டியையும் இழுத்துப் பார்ப்பது புத்தி.

"இதெல்லாம் எதுக்கு, பின்னால இன்னொரு ஓட்டோக்காரர் காலால தள்ளிக்கொண்டு வரட்டும்" என்பவர்களும் உண்டு. அந்தக் கால் இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் இருக்கிறது. காலி வீதிச் சனத்துக்குள் முன்வண்டி பிரேக் பிடித்தால் முதலில் நசிவது அதுதான்.

கடைசியாக ஒரு நம்பிக்கை: ஏற்றிய ஓட்டோவுக்குள் ஒருவர் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தால் பாதுகாப்பு என்பது. சறுக்கும் வண்டியைப் பிரேக் நிறுத்தாது; கட்டு அறுந்தால் வண்டியோடு அவரும் வீதியில். அவரை லொறியின் முன்சீற்றில் ஏற்றுங்கள். அங்கே இடமில்லையென்றால் பஸ்ஸில் அனுப்புங்கள், வெள்ளவத்தையிலிருந்து இரவில் யாழ்ப்பாணத்துக்கு பஸ் நிறையப் போகிறது.