விளையாட மறுக்கும் மழலை
நோயுற்ற கைக்குழந்தையை இல்லத்தில் தேற்றும் முறை

மழைக்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் குழந்தைகள் நலப் பிரிவின் புறநோயாளிக் கூடத்தில் காலை எட்டு மணிக்கே உட்கார இடம் இராது. சளி, இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஆகியவற்றோடு வரும் கைக்குழந்தைகளுள் பெரும்பாலோரைப் பரிசோதித்து, மருந்து எழுதி, அன்றே இல்லத்திற்கு அனுப்பிவிடுகிறோம். அப்போது மருந்தின் அளவையும் நேரத்தையும் விளக்குகிறோம். ஆனால் ஒரு வேளை மருந்திற்கும் அடுத்த வேளை மருந்திற்கும் இடைப்பட்ட ஆறு மணி நேரத்தை எவ்வாறு கழிப்பது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். முதற்குழந்தையைப் பெற்றவர்களுக்கு அந்த ஆறு மணி நேரமே மிகக் கடினமானது. அக்குறையை ஓரளவு நிறைவு செய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

சென்ற ஐப்பசியில் ஏழு மாத ஆண் குழந்தையுடன் ஓர் இளந்தாய் வந்தார். குழந்தைக்கு மூன்று நாள்களாகச் சளியும் இருமலும். அன்று காலை காய்ச்சல் தணிந்திருந்தது, அழுகையும் குறைந்திருந்தது. “காய்ச்சல் விட்டுவிட்டது, இனிக் கவலையில்லை” என்று வீட்டிலுள்ளோர் தேறியிருந்தனர். தாய் மட்டும் தேறவில்லை. “கிலுகிலுப்பையை ஆட்டினால் எங்கிருந்தாலும் திரும்பிப் பார்ப்பான், டாக்டர். காலையிலிருந்து நான்கு முறை ஆட்டிவிட்டேன், திரும்பவேயில்லை. அதனால்தான் தூக்கிக்கொண்டு வந்தேன்” என்றார். சட்டையை விலக்கிப் பார்த்தோம். மூச்சு நிமிடத்திற்கு 68 முறை ஓடிக்கொண்டிருந்தது. விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்கியது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தது. நுரையீரலின் நுண்குழல்களில் ஏற்படும் அழற்சி அது. அன்றே அனுமதித்து ஆக்சிஜன் கொடுத்தோம். ஆறாம் நாள் குழந்தை நலமுடன் இல்லம் திரும்பியது.

இந்நிகழ்ச்சி இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. குழந்தையோடு விளையாடுதல் குழந்தைக்கு ஆறுதல்; அதுவே பெற்றோர் கையிலுள்ள அளவுகோலும் ஆகும்.

ஆறுதலும் சிகிச்சையே

“தூக்கி வைத்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறொன்றும் செய்யத் தெரியவில்லை” என்று எங்களிடம் வருந்தும் தாய்மார் பலர். அவர்கள் வருந்த வேண்டியதில்லை. மருத்துவ உலகமே இவ்வுண்மையைத் தாமதமாகத்தான் கற்றது. ஒரு காலத்தில் ஐரோப்பிய மருத்துவமனைகளில் சிறு குழந்தைகளைப் பெற்றோர் வந்து காண்பதற்கே கடுமையான கட்டுப்பாடு இருந்தது. 1952ஆம் ஆண்டு இலண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பார், மருத்துவமனையில் தாயைப் பிரிந்திருந்த இரண்டு வயதுச் சிறுமியின் துயரைத் திரைப்படமாக எடுத்துக் காட்டினார். பெற்றோர் தடையின்றி வந்து காணவும், இளங்குழந்தைகளோடு தாய்மார் தங்கவும் வழிசெய்ய வேண்டும் என்று 1959இல் பிளாட் குழு அங்கே பரிந்துரைத்தது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில், 1978 அளவில், இன்குபேட்டர்கள் போதாத நிலையில் எட்கர் ரே என்னும் மருத்துவர் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு தோல் படுமாறு சேர்த்து வைக்கும் முறையைத் தொடங்கினார். இன்று உலகெங்கும் அது கங்காரு முறை என்று வழங்குகிறது. மார்போடு அணைக்கப்பட்ட குழந்தையின் இதயத் துடிப்பும் மூச்சும் சீர்படுகின்றன, அழுகை குறைகிறது. ஆகவே தூக்கி வைத்திருத்தலும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

தூக்குவதிலும் ஒரு முறையுண்டு

நோயுற்ற குழந்தை இடுப்பை விட்டு இறங்காது. கிடத்தியதும் விழித்து அழும். இதனைச் செல்லம் கொடுத்துக் கெடுத்ததன் விளைவு என்று கருதுதல் தவறு. அழும் குழந்தைகளைக் குறித்து ஜப்பானிய ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஓர் ஆய்வு பயனுள்ள வழியைக் கூறுகிறது. குழந்தையைத் தோளில் அணைத்துக்கொண்டு, இடையில் நில்லாமல், ஒரே சீரான நடையில் ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். உறங்கியவுடன் கிடத்தாமல் மேலும் ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியில் வைத்து அமர்ந்திருந்து, பிறகே கிடத்த வேண்டும். எங்கள் பாட்டிமார் கூடத்தில் மேலும் கீழும் நடந்து தாலாட்டியதும் ஏறக்குறைய இதுவே.

கிடத்தும்போது சமமான, அழுத்தமான படுக்கையில் மல்லாக்கவே கிடத்துக. மூச்சுச் சிரமம் உள்ள நாள்களில் தூளி வேண்டா. தூளியில் கழுத்து மடங்கும். துணி மறைப்பதால் குழந்தை எவ்வளவு வேகமாக மூச்சு விடுகிறது என்பதும் நமக்குத் தெரியாது. காய்ச்சலின்போது கம்பளியால் சுற்றுதலும் வேண்டா. மெல்லிய பருத்தி உடை ஒன்றே போதும்.

வயதிற்கேற்ற விளையாட்டு

நோயுற்ற குழந்தைக்குப் புதிய பொம்மை தேவையில்லை. பழகிய முகமும், பழகிய குரலும், பழகிய விளையாட்டுமே அதனைத் தேற்றும்.

முதல் மூன்று மாதங்களில், 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவிலுள்ள பொருளே குழந்தைக்குத் தெளிவாகத் தெரியும். மடியில் இருக்கும் குழந்தைக்கும் தாயின் முகத்திற்கும் உள்ள தொலைவு அது. அத்தொலைவில் முகத்தை வைத்து மெல்லப் பேசுங்கள். குழந்தை ஒலி எழுப்பினால் சற்று நிறுத்தி, அதே ஒலியைத் திருப்பிச் சொல்லுங்கள். தாயின் குரலைக் குழந்தை கருவிலேயே கேட்டுப் பழகியிருக்கிறது. குரல் இனிமையாக இல்லையே என்று தயங்காமல் தாலாட்டுங்கள், தந்தையரும் தாலாட்டலாம்.

மூன்று முதல் ஆறு மாதம் வரை, கிலுகிலுப்பையை மெதுவாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்திக் காட்டலாம். கண்ணாடியில் முகம் காட்டலாம். சன்னலருகே நின்று அசையும் இலையையும், முற்றத்துக் காகத்தையும் காட்டலாம்.

ஆறு மாதத்திற்குப் பின், துணியால் முகத்தை மூடித் திறக்கும் விளையாட்டும், உள்ளங்கையில் பருப்புக் கடைந்து விரல்களை நண்டுபோல் ஊரவிடும் விளையாட்டும் ஏற்றவை. எவர்சில்வர்க் கிண்ணமும் கரண்டியும் கொடுத்தால் குழந்தை தானே தட்டி மகிழும். விளையாட்டுப் பொருள்களைச் சோப்பு நீரில் கழுவி வைக்க வேண்டும்.

எவ்வயதினராயினும் ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் போதும். முகத்தைத் திருப்புதல், கொட்டாவி, கையை இறுக மூடுதல், முதுகை வளைத்தல் ஆகியவை “போதும்” என்பதற்குக் குழந்தை காட்டும் குறிகள். அப்போது விளையாட்டை நிறுத்தி, விளக்கின் ஒளியைக் குறைத்து, வாளாவிருப்பதே ஆறுதல். வந்தோர் அனைவரும் மாறி மாறித் தூக்கிக் கொஞ்சுதல் நோயுற்ற குழந்தைக்குச் சுமையாகும்.

கைப்பேசியில் பாட்டுப் படம் காட்டினால் அழுகை உடனே நிற்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். எனினும் ஒரு வயதிற்குட்பட்டோர்க்குத் திரை எதுவும் வேண்டா என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியுள்ளது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரானிக் 1970களில் நடத்திய சோதனை ஒன்றில், தாய்மார் தம் முகத்தைச் சிறிது நேரம் அசைவின்றி வைத்திருந்தனர். குழந்தைகள் சிரித்தும் கையை நீட்டியும் அழைத்துப் பார்த்தன. பதில் கிடைக்காதபோது கலங்கின. கைப்பேசியில் ஆழ்ந்திருக்கும் நம் முகமும் குழந்தைக்கு அத்தகைய முகமே.

உடலின் துன்பம் தணியாமல் உள்ளம் தேறாது

மூக்கடைத்த குழந்தையால் பால் குடிக்க இயலாது. பசித்த குழந்தையை எந்த விளையாட்டும் தேற்றாது. ஆகவே பால் கொடுப்பதற்குச் சற்று முன்பு, மருத்துவர் எழுதிய உப்புநீர்ச் சொட்டை ஒவ்வொரு நாசியிலும் இட்டு, வழியும் சளியை மென்துணியால் துடைத்துவிடுங்கள். ஒரே முறையில் வயிறு நிறையக் கொடுக்க முயலாமல், சிறிது சிறிதாகப் பல முறை தாய்ப்பால் கொடுங்கள். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும். தனியே தண்ணீர் வேண்டா. வயிற்றுப்போக்கு இருப்பின் மருத்துவர் கூறிய அளவில் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கரண்டியால் புகட்டுங்கள்.

காய்ச்சலுக்குரிய பாராசிட்டமாலை எடையைக் கொண்டே அளக்க வேண்டும்: ஒரு வேளைக்குக் கிலோவிற்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நான்கு முறைக்கு மிகாமல். இங்கே ஒரு பெரும் பிழை நேர்கிறது. சொட்டு மருந்தில் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம் உள்ளது. சிரப்பிலோ 5 மில்லிக்கு 125 அல்லது 250 மில்லிகிராம். ஏழு கிலோ எடையுள்ள குழந்தைக்கு, 125 என்று அச்சிட்ட சிரப்பு 4 மில்லி கொடுக்கலாம். அதே 4 மில்லியைச் சொட்டு மருந்திலிருந்து கொடுத்தால் நான்கு மடங்கு மிகும். புட்டியின் மேலுள்ள எண்ணை ஒவ்வொரு முறையும் படியுங்கள். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு மருத்துவரைக் காணாமல் இம்மருந்தும் கூடாது.

அன்பினால் செய்யும் தவறுகள்

பெரியோர் அன்பினால் கூறுபவற்றுள் சிலவற்றைப் பணிவுடன் மறுக்க வேண்டியுள்ளது. சாம்பிராணிப் புகை மூச்சுக்குழலை மேலும் சுருக்கும். மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கக்கூடும். கர்ப்பூரம் கலந்த தைலம் கைக்குழந்தைக்கு ஆகாது. உடலினுள் சென்றால் வலிப்பை உண்டாக்கும். ஒரு வயதிற்குள் தேன் கொடுத்தால் அரிதாக ஒரு கொடிய நச்சு நோய் வரலாம். சளி மருந்துகளுள் குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த கலவையை நான்கு வயதிற்குட்பட்டோர்க்குக் கொடுக்கலாகாது என 2023இல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அறிவுறுத்தியுள்ளது. மூத்த குழந்தைக்கு எழுதிய சளி மருந்தை இளையதற்குக் கொடுத்தலும் கூடாது. பாட்டிமாரின் கையும் மடியும் தாலாட்டும் பெருமருந்து. அவற்றைத் தாராளமாகக் கேட்டுப் பெறுங்கள்.

விளையாட்டே அளவுகோல்

காய்ச்சல் ஏறியிருக்கும்போது எக்குழந்தையும் சோர்ந்தே இருக்கும். மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழிந்து காய்ச்சல் தணிந்ததும், குழந்தையின் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள். அது விரும்பும் விளையாட்டைக் காட்டுங்கள். பார்த்தது, சிரித்தது, கையை நீட்டியது என்றால் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. காய்ச்சல் தணிந்தும் முகம் பாராமல், குரலுக்குத் திரும்பாமல், துவண்டு கிடந்தால் அதனை அமைதி என்று கொள்ளாதீர்கள். ஓங்கி அழும் குழந்தையைவிட அழ வலுவற்ற குழந்தையே எங்களுக்கு மிகுந்த கவலை அளிப்பது.

சளி பிடித்தால் நாளுக்கு இரு முறையேனும் மூச்சை எண்ணுங்கள். குழந்தை அமைதியாக இருக்கும்போது வயிற்றுப் பகுதியின் ஏற்ற இறக்கத்தை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு முதல் பன்னிரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 50 என்னும் எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அது மிகை மூச்சு.

பின்வருவனவற்றுள் ஒன்று இருப்பினும் இரவு பகல் பாராமல் உடனே வாருங்கள். வாகனம் இல்லையேல் 108ஐ அழையுங்கள்.

மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல்.
மிகை மூச்சு, நெஞ்சு உள்வாங்குதல், ஒவ்வொரு மூச்சிலும் முனகல்.
உதடு அல்லது நாக்கு நீலம் பாரித்தல்.
வழக்கத்தில் பாதியளவும் பால் குடியாமை; குடித்ததெல்லாம் வாந்தியாதல்.
ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை, உச்சிக்குழி அமுங்குதல்.
வலிப்பு, எழுப்பினாலும் விழியாமை, எதனாலும் நிறுத்த இயலாத வீறிட்ட அழுகை.

பெற்றோரும் தேற வேண்டும்

நுண்குழல் அழற்சி பொதுவாக மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை கடுமையாக இருக்கும். இருமல் இரண்டு மூன்று வாரம் நீடிக்கலாம். அத்தனை இரவுகளையும் தாய் ஒருவரே தாங்குதல் இயலாது. முறை வைத்துக்கொண்டு மற்றவரை உறங்கச் செய்யுங்கள். நள்ளிரவில் அழுகை நில்லாதபோது பெற்ற மனத்திலும் சினம் எழலாம். அதற்காக வெட்கப்பட வேண்டா. அந்நொடியில் குழந்தையைப் படுக்கையில் மல்லாக்கப் பத்திரமாகக் கிடத்திவிட்டு, ஐந்து நிமிடம் அடுத்த அறைக்குச் சென்று தண்ணீர் அருந்தி மீண்டு வாருங்கள். எக்காரணம் கொண்டும் குழந்தையைக் குலுக்காதீர்கள். ஒரு நொடிக் குலுக்கலும் மூளையில் இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும். அழுகையும் மனச்சோர்வும் தாயை விட்டு நீங்காதிருந்தால் அதனையும் எங்களிடம் கூறுங்கள். அதற்கும் மருத்துவம் உண்டு.

முற்கூறிய குழந்தை இல்லம் திரும்பிய நாளில், “நான் ஒன்றுமே செய்யவில்லை, டாக்டர், விளையாட்டுத்தான் காட்டினேன்” என்றார் அத்தாய். “அம்மா, அந்த விளையாட்டுத்தான் அவனை நேரத்தில் எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தது” என்றோம். தாயின் இடுப்பிலிருந்த மைந்தன், எங்கள் ஸ்டெதாஸ்கோப்பின் குழாயைப் பற்றி இழுத்துக்கொண்டிருந்தான். இல்லம் செல்லலாம் என்று எழுதுவதற்கு எங்களுக்கு அதனினும் நல்ல சான்று வேண்டியிருக்கவில்லை.