சொற்களில் உறையும் தேயிலை வரலாறு

இலங்கை மலையகத் தேயிலையின் வரலாற்றைத் தோட்டத் தமிழ்ச் சொற்களிலேயே நாம் கற்கலாம்.

1867இல் கண்டிச் சீமையின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழிக்கவே, மலைகளெங்கும் தேயிலை பரவிற்று.

தமிழகத்திலிருந்து ஆள் திரட்டியவர் 'கங்காணி'. முன்பணம் தந்து கடனாளியாக்கியவரும் அவரே. காலையில் பெயரழைத்து வேலைக்குப் பிரித்தனுப்பும் இடம் 'பெரட்டுக்களம்'. இது 'பரேடு' என்னும் படைத்துறைச் சொல்லின் திரிபு. 'லைன்' எனப்பட்ட வரிசை வீடுகள் 'லயம்' ஆயின. இசைவாணர்க்கு இனிய அச்சொல், தோட்டத்தார்க்குக் குடும்பம் முழுதும் ஒடுங்கிய ஓரறையைக் குறித்தது.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியோர் அவ்வுரிமை பெற 2003 வரை காத்திருந்தனர். தேநீர் அருந்தும் நாம் இச்சொற்களின் பொருளையும் அறிதல் கடன்.