வீட்டுத் தோட்டத்தின் விளைவும் இழப்பும்
தம்புள்ளைப் பகுதிக் குடும்பங்களுக்குரிய குறிப்புகள்

தம்புள்ளை மரக்கறிக்குப் பேர்பெற்ற ஊர். 1999ஆம் ஆண்டில் இங்கு திறக்கப்பட்ட பொருளாதார மத்திய நிலையத்திற்கு நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மரக்கறி வந்து சேர்கின்றது. எனினும், பெருஞ் சந்தைக்கு அருகில் வாழ்வதனால் மாத்திரம் ஒரு குடும்பத்தின் உணவுக் கவலை தீர்ந்துவிடுவதில்லை. 2022 செப்டெம்பர் மாதத்தில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பொருள்களின் விலை முந்திய ஆண்டின் அதே மாதத்திலும் 94.9 சதவீதம் உயர்ந்திருந்தது. ஏறத்தாழ இருமடங்கு விலை கொடுத்து வாங்க இயலாத குடும்பம், வளவில் விளைந்ததையே நம்பவேண்டியதாயிற்று.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில், எரிபொருள் தட்டுப்பாட்டையும் உணவுத் தட்டுப்பாட்டையும் முன்னிட்டு, அத்தியாவசிய சேவையினர் ஒழிந்த அரசாங்க ஊழியர்களுக்கு மூன்று மாத காலம் வெள்ளிக்கிழமை விடுமுறை அளிக்க அரசாங்கம் தீர்மானித்தது. அந்நாளில் வீட்டுத் தோட்டஞ் செய்யுமாறு அவர்கள் ஊக்குவிக்கப்பட்டனர். நோக்கம் நன்று. ஆயினும் தம்புள்ளையில் அம்மூன்று மாதமும் வரட்சிக் காலமாகும். இதிலிருந்து கற்கவேண்டிய பாடம் யாதெனில், வீட்டுத் தோட்டத்தின் வெற்றி உழைப்பினால் மாத்திரமன்றிப் பருவத்தினாலும் நீரினாலும் தீர்மானிக்கப்படுகின்றது என்பதே.

பருவம்

‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்பது தமிழகத்துப் பழமொழி. தம்புள்ளைக்கு அது பொருந்தாது. இங்கு ஆடியில் மழை அரிது. கச்சான் காற்று ஈரத்தை உறிஞ்சும். கிணற்று நீரும் இறங்கத் தொடங்கும். சிறுபோகத்திற் பெரிய வெங்காயம் செய்வோரும் குளத்து நீரையோ கிணற்று நீரையோ நம்பியே செய்கின்றனர். மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்வதால், கத்தரி, மிளகாய் முதலியவற்றின் நாற்றுமேடையைப் புரட்டாதியில் அமைத்து, ஏறத்தாழ ஒரு மாதஞ் சென்றபின் நாற்றுகளை நடுதல் வேண்டும். வெண்டி, பயற்றை, பாகல் ஆகியவற்றை முதல் மழையுடன் நேரே விதைக்கலாம்.

வரட்சி மாதங்கள் வீணான காலமல்ல. வேலி கட்டவும், கூட்டெரு ஆக்கவும், விதை சேர்க்கவும் அவையே ஏற்றவை. இப்பகுதியின் செங்கபில மண் காய்ந்தால் இறுகும்; மிகுதியாக நனைந்தால் ஒட்டும். ஆதலின், முதல் மழைக்குப் பின், கையிற் பிடித்தால் உதிரும் பதத்தில் மண்ணைக் கொத்துதல் வேண்டும். 10 அடி நீளமும் 3 அடி அகலமுமுள்ள பாத்தியொன்றுக்கு 3 கிலோவுக்குக் குறையாமற் கூட்டெரு இடுதல் நன்று.

நீர்க் கணக்கு

வரண்ட காலத்தில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் நீர் தேவையெனக் கொண்டால், மேற்கூறிய அளவுடைய பாத்தியொன்றுக்கு 14 லீற்றர் வேண்டும். பத்துப் பாத்திகளுக்கு 140 லீற்றர். அஃதாவது 10 லீற்றர் வாளியால் 14 வாளி. வாரத்தில் ஒருநாள் மாத்திரம் வீட்டிலிருப்பவர் பத்துப் பாத்திகளைத் தொடங்கினால், மற்ற நாள்களில் இந்நீரை இறைப்பவர் யார் என்பதை முதலில் நிச்சயித்துக்கொள்ளல் வேண்டும். பெரும்பாலும் அச்சுமை வீட்டுப் பெண்கள் மீதும் சிறுவர் மீதும் விழுகின்றது. பராமரிக்கப்படும் மூன்று பாத்திகள் வாடிய பத்துப் பாத்திகளிலும் மேலானவை. வைக்கோலால் மூடாக்கிட்டால் ஈரம் நெடுநேரம் நிற்கும்.

மழைக்காலத்து இழப்புகள்

நவம்பர், டிசம்பர் மாதங்களில் மழை மிகுந்து தண்ணீர் தேங்கினால் தக்காளி, மிளகாய் முதலியவற்றின் வேர் அழுகும். பாத்தியை அரை அடி உயர்த்தி, வடிகால் வெட்டுதல் வேண்டும்.

பச்சையாக நின்ற கத்தரி திடீரென வாடினால், தண்டின் அடித்துண்டொன்றை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிடுக. வெட்டுவாயிலிருந்து பால்போன்ற திரவம் நூலாக இறங்குமாயின் அது பற்றீரியா வாடல் நோய். அச்செடியை வேருடன் பிடுங்கி எரித்தல் வேண்டும். தக்காளியும் மிளகாயும் கத்தரியின் குடும்பத்தைச் சேர்ந்தவையாதலின், அவற்றை அவ்விடத்தில் நடாது, சில போகங்களுக்குச் சோளம், பயற்றை முதலியவற்றைப் பயிரிடுக.

பாகல், புடோல், பீர்க்கு ஆகியவற்றின் பிஞ்சில் பழ ஈ முட்டையிடும். பிஞ்சு சிறிதாயிருக்கும்போதே கடதாசிப் பையால் மூடுக. புழுப்பட்ட காய்களைக் கூட்டெருக் குவியலிற் போடலாகாது. புழுக்கள் மண்ணிற் கூட்டுப்புழுவாகி மீண்டும் ஈயாக வெளிவரும். அவற்றை ஆழப் புதைத்தல் வேண்டும்.

குரங்கு, மயில் ஆகியவற்றால் நேரும் இழப்பு ஒரு வீட்டாரால் மாத்திரம் தீர்க்கத்தக்கதன்று. 2025 மார்ச் 15ஆம் நாள் காலை 8 மணிக்குக் கமநிலங்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் இவ்விலங்குகளை 5 நிமிடத்தில் எண்ணும் நாடளாவிய கணக்கெடுப்பு நடந்தமை இதன் பெருமையைக் காட்டும். அயலவர் கூடி முறைவைத்துக் காவல் செய்வதும், குரங்கு விரும்பும் காய்களை வீட்டருகே நடுவதும் இழப்பைக் குறைக்கும்.

வரட்சியிலும் கைவிடாப் பயிர்கள்

முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை, மரவள்ளி ஆகியவை மழைக்காலத்தில் வேரூன்றினால் வரட்சியைத் தாங்கும். பாத்திகள் வெறிச்சோடிக் கிடக்கும் ஆடி, ஆவணியிலும் ஒரு கறிக்கு முருங்கையிலையேனும் கிடைக்கும். நெருக்கடிக் காலத்தில் நாற்பது நாளில் விளைவதைத் தேடுவோர், முன்பே நட்டுவைத்த மரத்தையே இறுதியில் நாடுகின்றனர். ஆகவே, ஒவ்வொரு வளவிலும் இவற்றுள் இரண்டேனும் நடப்படல் வேண்டும்.

குறிப்பேடு

விதைத்த நாள், மழை பெய்த நாள், இறைத்த நீர், பறித்த காய், அழிந்த செடி, அழிந்த காரணம் ஆகியவற்றைப் பயிற்சிக் கொப்பியொன்றில் எழுதிவருக. இழப்பை எழுதிவைக்காத குடும்பம் அடுத்த பெரும்போகத்திலும் அதே இடத்தில் அதே செடியை நட்டு இழக்கும். எழுதிவைத்த குடும்பத்திற்கோ, போன ஆண்டு பட்டுப்போன கத்தரியும் ஒரு பயன் தரும். ஐயமெழுந்தால், அக்குறிப்பேட்டுடனும் நோயுற்ற செடியுடனும் அருகிலுள்ள விவசாயப் போதனாசிரியரை நாடுக.