வலையிணைப்புக் காமிராவில் ஒரு வசதி மட்டும் காணப்படாவிடில்

கொச்சி நகரின் மட்டாஞ்சேரிப் பகுதியில், மிளகும் சுக்கும் ஏலமும் அடுக்கிவைக்கப்படும் பழைய பண்டகசாலைகள் காயலை ஒட்டி நிற்கின்றன. ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் காற்றில் ஈரமும் உப்பும் மிகும் இவ்விடம் மின்கருவிகளுக்கு இசைவான இடமன்று. இத்தகைய கட்டிடமொன்றில் பத்துப் பன்னிரண்டு வலையிணைப்புக் காமிராக்கள் பொருத்தப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றைக் கவனிக்கும் களப்பணியாளரிடம் வரும் முறையீடு எப்போதும் 'காமிரா வேலை செய்யவில்லை' என்பதாக இருப்பதில்லை. படம் வருகிறது, ஒலி மட்டும் இல்லை. பகலில் தெளிவாக உள்ளது, இரவில் ஒரே இருள். ஆள் நடமாட்டத்தை அறிவிக்கும் வசதி விலைப்பட்டியலில் இருந்தது, திரையில் இல்லை. இவ்வாறான முறையீடுகளையே இக்கட்டுரை ஆராய்கிறது.

கருவி முழுதும் இயங்க, ஒரு வசதி மட்டும் மறைந்திருக்கும் நிலை, கருவி அடியோடு நின்றுவிடும் நிலையைக் காட்டிலும் ஆபத்தானது. நின்றுபோன கருவியை எவரும் கவனிப்பர். ஒலியின்றிப் பதிவு செய்துகொண்டிருக்கும் கருவியையோ, அப்பதிவு தேவைப்படும் நாள் வரையில் ஒருவரும் கவனிப்பதில்லை. 2020 டிசம்பர் 2 ஆம் நாள், பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், நாட்டின் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் காமிராக்கள் இருத்தல் வேண்டும் எனவும், அவை இரவிலும் காணத்தக்கவையாய், படத்துடன் ஒலியையும் பதிபவையாய் இருத்தல் வேண்டும் எனவும் ஆணையிட்டது. பதிவுகளைப் 18 மாதங்கள் காக்கவேண்டும். அதற்கேற்ற சேமிப்புக் கருவி சந்தையில் கிடைக்காவிடில் ஓராண்டுக்குக் குறையாமலேனும் காக்கவேண்டும் என்பதும் அவ்வாணையில் அடங்கும். 2025 செப்டம்பரில், காவல் நிலையங்களில் இயங்காத காமிராக்களைக் குறித்து அந்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்தது. காவலில் இருந்தவர் கூறுவதும் காவலர் கூறுவதும் மாறுபடும்போது, ஒலியற்ற படம் பாதிச் சாட்சியமேயாகும்.

எங்கே மறைந்தது?

பழைய கம்பிவழிக் காமிராவில் ஒரே கம்பி, ஒரே படம். வலையிணைப்புக் காமிரா அத்தகையதன்று. 1996 இல் ஸ்வீடன் நாட்டு ஆக்சிஸ் நிறுவனம் இவ்வகையில் முதலாவதாக நெட்ஐ 200 என்னும் கருவியை வெளியிட்ட காலந்தொட்டே, காமிரா என்பது கண்ணாடிவில்லை பொருத்திய ஒரு சிறு கணிப்பொறியாகிவிட்டது. அதனுள் பர்ம்வேர் எனப்படும் நிரந்தர மென்பொருள் இயங்குகிறது. அங்கிருந்து படம் ஈதர்நெட் கம்பி வழியாக ஸ்விட்சை அடைந்து, பதிவு மென்பொருளுக்குச் செல்கிறது. அலுவலகத்தில் அமர்ந்திருப்பவர் வேறொரு திரை மென்பொருள் வழியாக அதனைக் காண்கிறார். காமிரா, கம்பியும் ஸ்விட்சும், பதிவு மென்பொருள், லைசென்ஸ், பயனர் உரிமை என ஐந்து வாயில்களைக் கடந்தே ஒரு வசதி கண்ணுக்குப் புலனாகிறது. எந்த வாயிலில் அது தடைப்பட்டாலும் திரையில் தோன்றும் அறிகுறி ஒன்றுதான்: வசதி இல்லை.

ஆகவே முதற்கண் செய்யத்தக்கது, அலுவலகத் திரையை நம்பாது காமிராவையே நேரில் கேட்பதாகும். மடிக்கணினியை அதே ஸ்விட்சில் இணைத்து, காமிராவின் முகவரியைத் தட்டி, அதன் சொந்த அமைப்புப் பக்கத்தைத் திறக்கவேண்டும். வசதி அங்கே இருக்குமாயின் காமிரா குற்றமற்றது. தேடவேண்டிய இடம் அதற்கப்பால் உள்ளது. அங்கேயும் இல்லையெனில் பதிவு மென்பொருளைத் தொடவே தேவையில்லை. இந்த ஒரு சோதனை தேடலைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது. பழைய காமிராக்களில் ஓர் எச்சரிக்கை வேண்டும். அவற்றின் பக்கங்கள் சில, உலாவியில் தனியாக நிறுவப்படும் துணைநிரலை நம்பி எழுதப்பட்டவை. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2022 ஜூன் 15 அன்று ஓய்வு பெற்றபின் அப்பக்கங்களில் பட்டியல்கள் பாதியே தோன்றுகின்றன. அது காமிராவின் குறையன்று.

இதற்கும் முன்னதாக ஒரு கடமை உண்டு. காமிராவின் முழு மாதிரி எண், பர்ம்வேர் எண், காமிரா காட்டும் நேரம், உண்மையான நேரம் ஆகிய நான்கையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, இருக்கும் பதிவினைப் பிரதியெடுத்துவிடவேண்டும். தொழிற்சாலை நிலைக்கு மீட்கும் பொத்தானை முதலில் அழுத்திப் பார்ப்பது நம்மவரிடையே பரவியுள்ள கெட்ட பழக்கம். அது காரணத்தின் தடயங்களை அழித்துவிடுகிறது. நினைவட்டை காமிராவினுள்ளேயே இருப்பின் அதிலுள்ள பதிவுக்கும் ஆபத்து நேரலாம்.

இல்லாத வசதியைத் தேடுதல்

சில வேளைகளில் வசதி தொலைந்திருக்காது, தொடக்கத்திலேயே இருந்திராது. கேரளத்தில் 2023 இல் சாலைக் குற்றங்களைக் கண்டறிய இயங்கத் தொடங்கிய 726 காமிராக்களை எடுத்துக்கொள்வோம். பொதுமக்கள் அவை அனைத்தையும் ஒரே பெயரால் அழைத்தனர். உண்மையில் 675 காமிராக்கள் தலைக்கவசம், இருக்கைப்பட்டை முதலியவற்றைக் காண்பதற்கும், 25 முறையற்ற நிறுத்தத்தைக் காண்பதற்கும், 18 சிவப்பு விளக்கைக் கடப்போரைக் காண்பதற்கும் அமைந்தவை. வேகத்தை அளப்பவை எட்டே. நிறுத்தத்தைக் காணும் காமிரா வேகத்தைக் கூறவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை. பண்டகசாலையிலும் இதே கதைதான். ஒரு குடும்பத்தைச் சேர்ந்த பல மாதிரிகளுக்கு ஒரே விளக்கத்தாள் அச்சிடப்படுகிறது. மாதிரி எண்ணின் இறுதியிலுள்ள ஓரெழுத்து, ஒலிவாங்கி உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கக்கூடும். நாடுதோறும் வேறுபடும் மாதிரிகளும் உண்டு.

வேறொரு வகை, ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்கும் வகையாகும். காமிராவின் செயலி ஓரளவு வேலையே செய்யவல்லது. மிக உயர்ந்த படநுணுக்கத்தையும் வினாடிக்கு மிகுந்த படங்களையும் ஒருங்கே கேட்டால், ஒளி வேறுபாட்டைச் சமன்செய்யும் வசதியோ, நடமாட்டப் பகுப்பாய்வோ பட்டியலிலிருந்து தானே விலகிவிடும் மாதிரிகள் பல. படநுணுக்கத்தை ஒரு படி இறக்கிப் பார்த்தால் வசதி திரும்பிவருவதைக் காணலாம்.

ஒலி

ஒலிக்குறைவே மிகுதியாக மயக்குவதாகலின் அதனைச் சற்று விரிவாகக் காண்போம். பல காமிராக்களில் ஒலி தொழிற்சாலையிலேயே நிறுத்திவைக்கப்பட்டு வருகிறது. அந்தரங்கம் குறித்த சட்டங்கள் பல நாடுகளில் கடுமையாக இருப்பதே அதற்குக் காரணம். அமைப்புப் பக்கத்தில் அதனை இயக்கினாலும் வேலை முடிந்ததாகாது. பதிவு மென்பொருள்கள் சில, ஒலிவாங்கியைக் காமிராவின் பகுதியாகக் கருதாமல் தனிக்கருவியாகவே பட்டியலிடுகின்றன. அதனைத் தனியே இயக்கி, பதிவு செய்யுமாறு தனியே பணிக்கவேண்டும். பின்னர் ஒலிச்சுருக்க முறை. காமிரா ஏ.ஏ.சி. முறையில் அனுப்ப, மென்பொருள் ஜி.711 முறையை மட்டுமே அறிந்திருக்குமாயின், படம் குறையின்றி வரும், ஒலி மௌனமாகிவிடும். இறுதியாக, கேட்கும் உரிமை. மேலாளர் தம் கணக்கில் ஒலியைக் கேட்கிறார். காவலாளியின் கணக்கில் அவ்வுரிமை வழங்கப்படவில்லை. ஒரே காமிராவைப் பற்றி இருவர் மாறுபட்டுக் கூறினால் முதலில் ஐயுறவேண்டியது பயனர் உரிமையையே. லைசென்ஸும் இவ்வாறே, அதன் தகுதிநிலையைப் பார்த்துவிட்டு மேலே செல்லலாம்.

மென்பொருளும் காமிராவும் பேசிக்கொள்ளும் மொழியிலும் வசதிகள் உதிர்ந்துபோவதுண்டு. மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் குஜராத்தியும் கொங்கணியும் தமிழும் பேசுவோர் பொதுமொழியாகிய மலையாளத்தில் விலை பேசி முடிப்பர். எனினும் ஒவ்வொரு வணிகக் குலத்தின் நுண்சொற்களும் பொதுமொழியில் ஏறுவதில்லை. காமிராக்களுக்கும் அவ்வாறு ஒரு பொதுமொழி உண்டு. 2008 இல் ஆக்சிஸ், பாஷ், சோனி ஆகிய நிறுவனங்கள் தொடங்கிய ஆன்விஃப் அமைப்பு அதனை வகுத்தது. அதன் எஸ் பிரிவு படத்தை அனுப்புவதற்கும், ஜி பிரிவு சேமிப்பிற்கும், 2018 இல் வந்த டி பிரிவு எச்.265 சுருக்கம், அசைவு அறிவிப்பு முதலியவற்றிற்கும், 2021 இல் வந்த எம் பிரிவு பகுப்பாய்வுத் தகவல்களுக்கும் உரியவை. காமிராவை எஸ் பிரிவின் வழியாக மட்டும் சேர்த்திருந்தால், மற்றவை காமிராவில் இருந்தும் திரையில் இரா. அந்நிறுவனத்திற்கே உரிய இணைப்பு நிரலைக்கொண்டு மீண்டும் சேர்த்தால் அவை தோன்றும்.

இரவும் மின்சக்தியும்

இரவுப்பார்வை என்பது அகச்சிவப்பு விளக்குகளால் அமைவது. விளக்குகள் மின்சக்தியை வேண்டுவன. ஈதர்நெட் கம்பியிலேயே மின்சக்தி அனுப்பும் முறையில், 2003 ஆம் ஆண்டின் தரப்படி ஸ்விட்ச் 15.4 வாட் தரும். கம்பியின் இழப்புப் போகக் காமிராவுக்கு உறுதியாவது 12.95 வாட். 2009 ஆம் ஆண்டின் தரப்படி இவை முறையே 30, 25.5 வாட் ஆகும். பிந்திய தரத்தை வேண்டும் காமிராவை முந்திய தரமுள்ள ஸ்விட்சில் இணைத்தால், சில மாதிரிகள் இயங்க மறுப்பதில்லை. விளக்கையோ, திருப்பும் மோட்டாரையோ நிறுத்திவிட்டு எஞ்சியதைக்கொண்டு இயங்கும். ஸ்விட்சின் மொத்த ஆற்றலையும் கணக்கிடவேண்டும். எட்டு வாயிலுக்கும் 15.4 வாட் தர 123.2 வாட் தேவை; 60 வாட் ஸ்விட்ச் அதற்கு ஈடுகொடாது.

அந்தி வேளையில் காமிரா தானே நின்று மீண்டும் தொடங்குகிறதா என்று அதன் நிகழ்ச்சிக் குறிப்பில் பார்க்கவேண்டும். விளக்கு எரியத் தொடங்கியதும் மின்னழுத்தம் வீழ்வதன் அடையாளம் அது. நூறு மீட்டருக்கு மேற்பட்ட கம்பி, செம்புப்பூச்சுப் பெற்ற அலுமினியக் கம்பி, உப்புக்காற்றில் பச்சை படர்ந்த இணைப்பு முனை ஆகிய மூன்றும் இதற்குக் காரணமாகலாம். காயற்கரையில் மூன்றாவதை முதலிற் பார்ப்பதே அறிவுடைமை. விளக்கின் வெப்பத்தையும் பூச்சிகளையும் நாடிச் சிலந்தி வலை பின்னியிருப்பின், இரவில் வெண்திரையொன்றே தோன்றும். அதற்கு வேண்டியது துடைப்பம்.

கடிகாரம்

படம் ஒழுங்காக வருகிறது. ஆனால் அசைவு அறிவிப்பு, காமிராவைத் திருப்பும் வசதி, அமைப்புகளை மாற்றும் வசதி ஆகிய யாவும் ஒருசேர மறைந்துவிட்டன. இத்தகைய நிலையில் கடவுச்சொல்லைச் சந்தேகிப்பதே வழக்கம். கடிகாரத்தைச் சந்தேகிப்பது மேல். ஆன்விஃப் கட்டளைகளில், கடவுச்சொல்லுடன் அக்கட்டளை பிறந்த நேரமும் சேர்த்து முத்திரையிடப்படுகிறது. பழைய கட்டளையைத் திருடி மீண்டும் அனுப்புவோரைத் தடுப்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு இது. இரு கடிகாரங்களும் பெரிதும் வேறுபட்டால் காமிரா அக்கட்டளையை மறுத்துவிடும். படத்தைக் கொண்டுவரும் தொடர்போ நேரத்தைப் பார்ப்பதில்லை. ஆதலின் அது மட்டும் தடையின்றி ஓடுகிறது. மழைக்காலத்தில் நெடுநேரம் மின்சாரம் தடைப்பட்டபின், 1970 அல்லது 2000 ஆம் ஆண்டிற்குத் திரும்பிவிட்ட காமிராக்களில் இதனைக் காணலாம்.

இணையத்தோடு தொடர்பில்லாத வலையில், பதிவுக் கணிப்பொறியையே நேரம் வழங்கும் பொறியாக அமைத்து, இந்திய நேரத்திற்குரிய ஐந்தரை மணி வேறுபாட்டையும் குறித்துவிட்டால் இத்தொல்லை தீரும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதீய சாட்சிய சட்டத்தின் 63 ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுடன் சான்றிதழும் அப்பதிவின் ஹாஷ் எண்ணும் கோருகிறது. அச்சான்றிதழில் கையொப்பமிடுபவர், பதிவின் நேரம் ஏன் தவறாக உள்ளது என்ற வினாவுக்கும் விடையளிக்க நேரிடலாம்.

பர்ம்வேரை மாற்றியபின்

புதிய பர்ம்வேரை ஏற்றியதும் வசதிகள் பெருகும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. சில நிறுவனங்கள் இரு தடங்களில் அதனை வெளியிடுகின்றன: ஒன்று புதிய வசதிகளைச் சேர்ப்பது, மற்றொன்று பிழைகளைத் திருத்துவது மட்டும். இரண்டாந் தடத்தில் எத்தனை முறை புதுப்பித்தாலும் புதிய வசதி வாராது. முதல் தடத்தில் வந்தாலும், பதிவு மென்பொருள் காமிராவை முதன்முதல் சேர்த்தபோது எடுத்த பட்டியலையே வைத்திருக்கும். அதனை மீண்டும் படிக்கச் செய்யவேண்டும்.

மாறாக, புதுப்பித்தபின் வசதிகள் குறைந்தால் அது பாதுகாப்பை முன்னிட்டதாக இருக்கக்கூடும். 2016 இல் மிராய் என்னும் தீயநிரல், மாற்றப்படாத தொழிற்சாலைக் கடவுச்சொற்களைக்கொண்டு ஏராளமான காமிராக்களைக் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அப்படை அமெரிக்காவில் டின் நிறுவனத்தைத் தாக்கவே, பெயர்பெற்ற இணையத்தளங்கள் பல முடங்கின. அதன்பின் உற்பத்தியாளர் பலர் மறையாக்கமற்ற தொடர்பையும் ஆன்விஃப் தொடர்பையும் மூடியே அனுப்புகின்றனர். இந்தியாவிலும், 2024 ஏப்ரலில் வெளியான மத்திய அரசின் ஆணைப்படி, இங்கு விற்கப்படும் காமிராக்கள் பாதுகாப்புச் சோதனைக்குட்படவேண்டும் என்ற விதி 2025 ஏப்ரலில் செயலுக்கு வந்தது. மூடப்பட்ட வாயிலைத் திறக்குமுன், ஏன் மூடினர் என்பதைப் பர்ம்வேருடன் வரும் வெளியீட்டுக் குறிப்பில் படித்தறிதல் வேண்டும்.

வகுப்பில் செய்துபார்த்தல்

தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர்கள் ஒரு காமிரா, ஒரு ஸ்விட்ச், ஒரு கணிப்பொறி ஆகியவற்றைக்கொண்டே இப்பாடத்தை நடத்தலாம். காமிராவை ஆன்விஃப் வழியாகச் சேர்த்து, அதன் கடிகாரத்தை ஒரு நாள் பின்னே வைத்து, எவ்வெவ் வசதிகள் மறையும் என்று மாணவரை முன்னரே எழுதச் செய்து, பின் திரையோடு ஒப்பிடச் செய்க. அடுத்து, ஸ்விட்சின் பக்கத்தில் காமிராவின் மின்செலவைக் குறித்துக்கொண்டு, அகச்சிவப்பு விளக்கு எரியும் வரை அறையை இருளாக்கி மீண்டும் குறிக்கவேண்டும். இரு எண்களுக்கும் உள்ள வேறுபாட்டை எட்டாற் பெருக்கி, தங்கள் ஸ்விட்சின் மொத்த ஆற்றலில் அதற்கு இடமுண்டா என்று மாணவரே கணக்கிடட்டும்.