சுண்டைக்காயும் சுமைகூலியும்

'நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்' என்பது ஆன்றோர் வாக்கு. ஆயினும் நோய் வந்துவிட்டால், அதன் செலவைத் தனியொருவர் தாங்குவது அரிது. பலர் சேர்ந்து செலுத்தும் பணம், நோயுற்ற சிலருக்கு உதவுவதே காப்பீடு. அப்பணத்தில் எவ்வளவு நோயாளியைச் சென்றடைகிறது என்பதை இங்குக் காண்போம்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-ஆம் ஆண்டு உருவாயிற்று. அங்குப் பணிபுரிவோரின் இல்லங்களில் 'ஈ.எஸ்.ஐ.' என்பது பழகிய சொல். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 1948-ல் இயற்றப்பட்டது. திட்டம் 1952-ல் கான்பூரிலும் தில்லியிலும், 1955-ல் நம் மாநிலத்தில் கோவையிலும் தொடங்கிற்று. 2019 ஜூலையில் இதன் சந்தா தொழிலாளிக்கு 0.75 விழுக்காடாகவும் நிறுவனத்திற்கு 3.25 விழுக்காடாகவும் குறைக்கப்பட்டது. இதன்படி ரூ. 20,000 ஊதியத்திற்குத் தொழிலாளி ரூ. 150, நிறுவனம் ரூ. 650, ஆக மாதம் ரூ. 800 சேரும்.

இது முழுவதும் சிகிச்சைக்கும் நோய்க்கால உதவித்தொகைக்கும் போய்விடுவதில்லை. பெயர்ப் பதிவு, கணக்கு, தணிக்கை, அலுவலர் சம்பளம் ஆகியவையும் இதிலிருந்தே நடைபெற வேண்டும். இவையே நிர்வாகச் செலவு. தனியார் காப்பீட்டிலோ முகவர் கமிஷனும் விளம்பரமும் கூடச் சேரும்.

அப்படியானால் இச்செலவு வீண்தானா? அன்று. கணக்கும் தணிக்கையும் இல்லையேல் பொய்ப் பில்கள் பெருகி, உண்மையான நோயாளியின் பங்கு பறிபோகும். ஆனால் அளவு மீறினால், 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்ற கதையாகிவிடும்.

அமெரிக்காவில் காப்பீட்டுக் கம்பெனிகள் பல. ஒவ்வொன்றுக்கும் தனி விதி, தனிப் படிவம். அவற்றைச் சமாளிக்கவே மருத்துவமனைகள் பல எழுத்தர்களை அமர்த்த வேண்டியுள்ளது. ஆகவே, 100 டாலர் பிரிமியத்தில் 80 அல்லது 85 டாலரை மருத்துவத்திற்கும் அதன் தரத்திற்கும் செலவிட வேண்டும். தவறினால் குறையும் தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்று 2010-ல் அங்குச் சட்டம் செய்தனர். நம் நாட்டிலும், மருத்துவக் காப்பீடு மட்டும் நடத்தும் கம்பெனிகளின் நிர்வாகச் செலவு, கமிஷன் உட்பட, பிரிமியத்தில் 35 விழுக்காட்டை மீறலாகாது என 2023-ல் விதி வகுக்கப்பட்டது.

எந்தக் கணக்கேட்டிலும் ஏறாத செலவு ஒன்றும் உண்டு. ஒரு முத்திரை விடுபட்டதால் மீண்டும் வரச் சொல்லப்படும் நோயாளி, பஸ் கட்டணத்தோடு ஒரு நாள் கூலியையும் இழக்கிறார்.

தோழியரே! பெற்றோரின் காப்பீட்டுத் தாள்களைப் படித்து, ஒழுங்காக அடுக்கி வைக்க உதவுவோம். நாளை நம்மில் சிலர் அத்தகைய அலுவலக மேசைகளில் அமரக்கூடும். அன்று, நம்முன் நிற்பவரை ஒரே வருகையில் வேலை முடித்து அனுப்புவோம். அதுவும் மருத்துவத் தொண்டே!